கேமன் தீவில் வக்கீல் வேலை: மலையிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு ஓர் அறிமுகம்

குன்னூர் கோர்ட்டில் என்னிடம் ஜூனியராக இருந்த பெண் ஒரு நாள் காலை கேஸ் கட்டைப் பிரிக்காமல் செல்போனை நீட்டினார். "சார், கேமன் தீவுல வக்கீல் வேலையாம். வருமான வரியே கிடையாதாம். விசா செலவுக்கு மட்டும் மூணு லட்சம் கட்டச் சொல்றாங்க." வாட்ஸ்அப்பில் வந்த செய்தி அது. நீலக் கடல், இரண்டு தென்னை மரம், அடியில் ஒரு போன் நம்பர்.

"கட்டிட்டியாம்மா?"

"இல்ல சார். எலைப் பணம் வரட்டும்னு அப்பா சொல்லியிருக்கார்."

பச்சை இலை விலை கிலோவுக்கு ஒரு ரூபாய் ஏறினால்கூட ஊரே பேசும் மலை இது. அப்படிப்பட்ட ஒரு வீட்டிலிருந்து மூன்று லட்சம் போக இருந்தது. அன்று மதியம் கேண்டீனில் உட்கார்ந்து ஒன்றரை மணி நேரம் அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். நான் கேமனில் ஆறு வருடம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன். அந்த வேலை உண்மையானது, நல்ல வேலை. ஆனால் அதற்குப் போகும் வழி அந்த வாட்ஸ்அப் நம்பரில் இல்லை.

தீவு எதை விற்கிறது?

முதலில் இந்தத் தீவுகள் எவை என்று பார்த்துவிடுவோம். கரீபியன் கடலில் கேமன், பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகள். அட்லாண்டிக்கில் பெர்முடா. இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் நடுவே ஜெர்சி, கர்ன்சி. நமக்குப் பக்கத்தில் மொரீஷியஸ். மொரீஷியஸ் 1968-இல் விடுதலை பெற்ற தனி நாடு. மற்றவை இன்றும் ஏதோ ஒரு வகையில் பிரிட்டிஷ் முடியின் கீழ் இருந்துகொண்டே தங்கள் சட்டத்தைத் தாங்களே இயற்றிக்கொள்பவை. இவற்றை மொத்தமாக 'ஆஃப்ஷோர்' என்கிறார்கள். பணத்தின் சொந்தக்காரர் ஓரிடம், அந்தப் பணம் வேலை செய்வது வேறிடம், கம்பெனி பதிவாகியிருப்பது மட்டும் இந்தத் தீவில் என்று அர்த்தம்.

கேமனின் அளவை நம் கணக்கில் சொல்கிறேன். மூன்று தீவும் சேர்ந்து சுமார் 260 சதுர கிலோமீட்டர், அதாவது நீலகிரி மாவட்டத்தில் பத்தில் ஒரு பங்கு. 2021 கணக்கெடுப்பில் அங்கே 71 ஆயிரம் பேர். 2011-இல் நம் மாவட்டத்தில் 7 லட்சத்து 35 ஆயிரம். ஜனத்தொகையிலும் பத்தில் ஒரு பங்குதான். அவ்வளவு சின்ன இடத்தில் பதிவான கம்பெனிகள் ஒரு லட்சத்துக்கும் மேல். மனிதர்களைவிடக் கம்பெனிகள் அதிகம்.

இது எப்படி என்று புரிய குன்னூர் தேயிலை ஏலத்தை நினைத்துப் பாருங்கள். ஏலக் கூடத்து வாசலில் ஒரு தேயிலைச் செடிகூட இருக்க வேண்டியதில்லை. இலை கோத்தகிரியிலும் மஞ்சூரிலும் விளைகிறது. வாங்குபவர் வடக்கே எங்கோ இருக்கிறார். வாங்கிய சரக்கு வேறு எங்கோ குடிக்கப்படுகிறது. ஆனாலும் விற்பவரும் வாங்குபவரும் குன்னூருக்கு வருகிறார்கள். காரணம், இங்கே மாதிரி எடுப்பதற்கு ஒரு முறை உண்டு, பணம் கட்ட ஒரு கெடு உண்டு, தகராறு வந்தால் தீர்க்க ஒரு வழி உண்டு. இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்ட அந்த விதிகளுக்காகத்தான் வருகிறார்கள். கேமனும் இப்படி ஒரு ஏலக் கூடம்தான். அங்கே தேயிலைக்குப் பதில் முதலீடு வந்து போகிறது.

ஓர் உதாரணம். நியூயார்க்கில் ஒருவர் முதலீட்டு நிதி தொடங்குகிறார். அதில் பணம் போட ஜப்பானிலிருந்து ஓர் ஓய்வூதிய நிதியும், வளைகுடாவிலிருந்து ஒரு குடும்பமும், அமெரிக்காவிலேயே ஒரு பல்கலைக்கழகத்தின் அறக்கட்டளையும் வருகின்றன. நிதியை ஜப்பானில் வைத்தால் அமெரிக்கருக்குத் தயக்கம். அமெரிக்காவில் வைத்தால், அங்கே வரி கட்டத் தேவையில்லாத ஜப்பான்காரரும் அமெரிக்க வரிச் சிக்கலில் மாட்டிக்கொள்ள நேரலாம். எனவே கேமனில் ஒரு கம்பெனியோ கூட்டாண்மையோ தொடங்கி, எல்லோரும் அதில் பணம் போடுகிறார்கள். அந்த நடு இடத்தில் வருமான வரியும் இல்லை, கம்பெனி வரியும் இல்லை. லாபம் அவரவர் நாட்டுக்குப் போன பிறகு அங்கே உரிய வரியை அவரவர் கட்டிக்கொள்ள வேண்டும். இந்தத் தொழிலின் அடிப்படை இவ்வளவுதான்: நடுவழியில் கூடுதலாக ஒரு வரி விழாது, தகராறு வந்தால் எல்லோருக்கும் பழக்கமான இங்கிலாந்துப் பொதுச்சட்டம் (தீர்ப்புகள் வழியே வளர்ந்த 'காமன் லா') பேசும் நீதிமன்றம் இருக்கிறது.

இதே ஏற்பாட்டைப் பணத்தை மறைக்கவும் பயன்படுத்தினார்கள் என்பதைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாக எழுதியவன் ஆகமாட்டேன். 2016-இல் பனாமா நாட்டுச் சட்ட நிறுவனம் ஒன்றிலிருந்து கசிந்த பனாமா ஆவணங்கள் வெளிவந்தபோது உலகம் அதைப் பார்த்தது. அதில் அதிகம் அடிபட்டவை வர்ஜின் தீவுக் கம்பெனிகள். அதற்கு முன்னும் பின்னுமாகச் சட்டங்கள் இறுகின. கணக்கு வைத்திருப்பவரின் விவரம் அவருடைய நாட்டு வரித்துறைக்குத் தானாகவே போகிறது. 2019 முதல், சில வகைத் தொழில் செய்யும் கம்பெனிகள் தீவில் உண்மையாகவே ஏதாவது வேலை நடப்பதாகக் காட்ட வேண்டியிருக்கிறது. கேமன் 2021 பிப்ரவரியில், பணமோசடித் தடுப்பில் குறை உள்ள நாடுகளின் சர்வதேசக் கண்காணிப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டு, 2023 அக்டோபரில்தான் வெளியே வந்தது. ஆகவே இன்று அங்கே வக்கீலாக இருப்பவர் ஒவ்வொரு கட்சிக்காரரிடமும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இந்தப் பணம் எங்கிருந்து வந்தது?" என்பதுதான். பெரிய கட்சிக்காரர், கோபித்துக்கொள்வாரே என்று அதைக் கேட்கத் தயங்குகிறவர் அந்த வேலைக்குப் போகக் கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

வில்லங்கம் பார்க்கத் தெரியுமா?

அங்கே வக்கீல் அன்றாடம் என்னதான் செய்கிறார்? நம்மில் பலர் நினைப்பதுபோல் கவுன் போட்டுக்கொண்டு வாதாடுவது அதில் சின்னப் பகுதி. பெரும்பகுதி காகித வேலை. நம் ஊரில் வங்கிக்கு லீகல் ஒப்பினியன் எழுதும் வக்கீல்கள் இருக்கிறார்கள் அல்லவா, கிட்டத்தட்ட அதே வேலைதான்.

குன்னூரில் ஒருவர் தேயிலைத் தோட்டத்தை அடமானம் வைத்துக் கடன் கேட்கிறார். வங்கி நம்மிடம் அனுப்புகிறது. முப்பது வருட வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கிறோம். மூலப்பத்திரம், பட்டா, சிட்டா, வாரிசுச் சான்று எல்லாம் பார்க்கிறோம். கூடலூர்ப் பக்கம் என்றால் 1969 ஜன்ம நில ஒழிப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் சிக்கி உரிமை தீராமல் கிடக்கும் நிலமா என்று ஒரு தனிக் கவலை. தனியார் காடு என்று அறிவிக்கப்பட்டதா என்று இன்னொரு கவலை. எல்லாம் பார்த்த பிறகு, "இவருக்கு இந்தச் சொத்தில் நல்ல உரிமை இருக்கிறது, இதை அடமானம் வைக்கும் அதிகாரமும் இருக்கிறது" என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறோம். வங்கி அந்தக் கையெழுத்தை நம்பிப் பணம் கொடுக்கிறது.

கேமனில் நிலத்தின் இடத்தில் கம்பெனி. லண்டன் வங்கி ஒன்று கேமன் கம்பெனிக்குக் கடன் கொடுக்கும் முன், தீவு வக்கீலிடம் ஒப்பினியன் கேட்கும். அவர் கம்பெனியின் பதிவுச் சான்றையும் அமைப்பு விதிகளையும் வாசிப்பார். இயக்குநர் பதிவேடு, பங்குதாரர் பதிவேடு, அடமானப் பதிவேடு மூன்றையும் பார்ப்பார். கட்டணமெல்லாம் பாக்கியில்லாமல் நல்ல நிலையில் இருக்கிறது என்று பதிவாளரிடம் ஒரு சான்று வாங்குவார். கேமனின் உயர் நீதிமன்றமான கிராண்ட் கோர்ட்டின் பதிவேட்டில் அதன் மேல் வழக்கு இருக்கிறதா என்று தேடுவார். இயக்குநர் கூட்டத் தீர்மானத்தை வரிவரியாகப் படிப்பார். அப்புறம் எழுதுவார்: கம்பெனி முறையாகப் பிறந்தது, இன்றும் உயிரோடு இருக்கிறது, இந்தக் கடனை வாங்க அதற்கு அதிகாரம் உண்டு, கையெழுத்திட்டவருக்கு அந்த உரிமை உண்டு.

இதில் ஒரு சம்பவம் சொல்ல வேண்டும். கேமன் போன முதல் வருடம், ஒரு கடன் ஒப்பந்தம் மறுநாள் முடிய வேண்டும். எல்லாக் காகிதமும் தயார். தீர்மானத்தில் கையெழுத்திட்ட இயக்குநரின் பெயரைப் பதிவேட்டில் பார்த்தேன், இருந்தது. பெயருக்கு நேரே வலது ஓரத்தில் விலகிய தேதி ஒன்றும் இருந்தது. தீர்மானத் தேதிக்கு இரண்டு நாள் முந்தைய தேதி. அதாவது இயக்குநர் பதவியில் இல்லாத ஒருவர் இயக்குநராகக் கையெழுத்திட்டிருக்கிறார். உடனே சொன்னேன். இரவோடு இரவாகப் புதிய தீர்மானம் போட்டார்கள்.

அந்தத் தேதியைப் பார்க்க எனக்குக் கற்றுக் கொடுத்தது எந்த வெளிநாட்டுப் படிப்பும் இல்லை. படிப்பு முடிந்து இரண்டு வருடம் குன்னூரில் ஒரு சீனியரிடம் இருந்தேன். பவர் பத்திரத்தை வைத்து எழுதிய கிரயம் வந்தால் அவர் முதலில் கேட்பது: "பவர் குடுத்தவர் கிரயத் தேதியில உயிரோட இருந்தாராப்பா?" பவர் கொடுத்தவர் இறந்துவிட்டால் பவரும் போயிற்று. அதற்குப் பிறகு எழுதிய கிரயம் நிற்காது என்று எத்தனையோ குடும்பங்கள் கோர்ட்டுக்கு வந்துதான் தெரிந்துகொள்கின்றன. ஒருவர் கையெழுத்திட்ட தேதியில் அவருக்கு அந்த அதிகாரம் இருந்ததா என்பதுதான் அங்கேயும் கேள்வி. மலையில் கற்ற தொழில் அங்கே செல்லாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சட்டத்தின் வேரும் நமக்கு அந்நியம் இல்லை. கேமனின் கடைசி மேல்முறையீடு இன்றும் லண்டன் பிரிவி கவுன்சிலுக்குத்தான் போகிறது. 1949 வரை சென்னை உயர் நீதிமன்ற வழக்குகளும் அங்கேதான் போயின. நம் 1872 ஒப்பந்தச் சட்டமும் 1882 அறக்கட்டளைச் சட்டமும் அதே இங்கிலாந்து மரபில் வந்தவை. ஜெர்சியும் கர்ன்சியும் மட்டும் வேறு மாதிரி. அங்கே பழைய நார்மண்டி வழக்காறுகள் சட்டத்தில் இன்னும் உயிரோடு இருக்கின்றன, முழு வக்கீலாக வேண்டுமானால் அதற்கென்று தனித் தேர்வு எழுத வேண்டும். மொரீஷியஸில் பிரெஞ்சுச் சட்டமும் இங்கிலாந்துச் சட்டமும் கலந்திருக்கின்றன. அந்நாட்டு ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தைப் பார்த்து நெகிழ்ந்துபோகிறவர்கள் உண்டு, நானும் நெகிழ்ந்தேன். ஆனால் அதனால் மட்டும் அங்கே வக்கீலாவது எளிதாகிவிடாது.

வழக்குப் பக்கம் விருப்பம் உள்ளவர்களுக்கும் அங்கே வேலை உண்டு. நியூயார்க்கிலும் ஹாங்காங்கிலும் பங்கு விற்கும் பல சீனக் கம்பெனிகள் சட்டப்படி கேமன் கம்பெனிகள். அலிபாபாவே அப்படித்தான். அந்த மாதிரி ஒரு கம்பெனியைப் பெரிய பங்குதாரர்கள் மொத்தமாக வாங்கிக்கொள்ள முயலும்போது, "எங்கள் பங்குக்கு நீங்கள் தரும் விலை போதாது" என்று சிறிய பங்குதாரர்கள் கேமன் கம்பெனிச் சட்டம் 238-ஆம் பிரிவின்படி கோர்ட்டுக்கு வரலாம். பங்கின் நியாய விலையை நீதிபதி தீர்மானிப்பார். நில ஆர்ஜிதத்தில் சந்தை மதிப்புக்காக நாம் நடத்தும் சண்டையை ஞாபகப்படுத்தும் வழக்குகள் இவை.

உதகையிலிருந்து நேர் பஸ் இல்லை

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: தீவு யாரையும் வக்கீலாக உருவாக்குவதில்லை. வேறிடத்தில் உருவாகி வந்தவரைத்தான் அது எடுத்துக்கொள்கிறது. உள்ளூர் மாணவர்களுக்கு மட்டும் அங்கே பயிற்சி இடங்கள் உண்டு. வெளியாள் என்றால், வந்த முதல் வாரமே தனியாகக் கோப்பைக் கையாளத் தெரிந்தவராக இருக்க வேண்டும். மேப்பிள்ஸ், வாக்கர்ஸ், ஓஜியே, ஆப்பிள்பி போன்ற பெரிய நிறுவனங்களின் வேலை அறிவிப்புகளைப் படித்துப் பாருங்கள். இங்கிலாந்து, ஆஸ்திரேலியா போன்ற பொதுச்சட்ட நாடு ஒன்றில் பதிவு, அதன் பிறகு நல்ல நிறுவனத்தில் சில வருட அனுபவம், அதுவும் முதலீட்டு நிதி, வங்கிக் கடன், திவால், அறக்கட்டளை என்று ஏதாவது ஒரு துறையில். இதுதான் வழக்கமாகக் கேட்பது. தமிழ்நாடு பார் கவுன்சில் பதிவை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நேரே போனவர் ஒருவரையும் நான் அங்கே பார்த்ததில்லை.

அதனால் நம் பிள்ளைகளுக்கு நடைமுறையில் உள்ள வழி இப்படி இருக்கும்.

இங்கே சட்டம் முடித்து, பதிவு செய்து, அகில இந்திய பார் தேர்வையும் முடியுங்கள். அடுத்து ஒன்றிரண்டு வருடமாவது கம்பெனி, நிதி, கடன் சம்பந்தமான வேலை கிடைக்கும் இடத்துக்குப் போங்கள். சென்னை, பெங்களூரு, மும்பை எதுவானாலும் சரி. குஜராத்தில் கிஃப்ட் சிட்டி இருக்கிறது, நம் நாடே தன் மண்ணில் அமைத்துக்கொண்ட ஆஃப்ஷோர் மையம் அது. அதற்கென்று 2020-இல் தனி ஒழுங்குமுறை ஆணையம் வந்தது. முதலீட்டு நிதி, விமானக் குத்தகை என்று கேமனில் நடக்கும் வேலையின் இந்திய வடிவம் அங்கே நடக்கிறது. நான் இன்று இருபத்தைந்து வயதில் இருந்தால் முதலில் அங்கேதான் விண்ணப்பித்திருப்பேன்.

வேலை பார்த்துக்கொண்டே, இங்கிலாந்தில் வக்கீலாகப் பதிவாவதற்கான சொலிசிட்டர் தேர்வு எழுதலாம். 2021 செப்டம்பர் முதல் அது எஸ்.க்யூ.இ. என்ற புதிய முறைக்கு மாறியது. முதல் கட்டத்தில் இரண்டு நாள், 360 கேள்விகள். எல்லாம் கொடுத்த விடைகளில் சரியானதைத் தேர்வு செய்வதுதான், ஆனால் ஒவ்வொன்றும் ஒரு குட்டி வழக்கு. இதை இந்தியாவில் உள்ள தேர்வு மையத்திலேயே எழுதலாம். இரண்டாம் கட்டத்தில் பன்னிரண்டு எழுத்துப் பயிற்சிகள், நான்கு வாய்மொழிப் பயிற்சிகள். கட்சிக்காரரைப் பேட்டி காண்பதும் நீதிபதி முன் வாதிடுவதும் வாய்மொழியில் வரும், அதற்கு மட்டும் இங்கிலாந்துக்கோ வேல்ஸுக்கோ நேரில் போக வேண்டும். இங்கிலாந்தில் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இரண்டு வருடப் பணி அனுபவம் கட்டாயம். ஏற்கெனவே இந்தியாவில் வக்கீலாகப் பதிவானவர்களுக்கு அது கட்டாயம் இல்லை. இது நமக்குப் பெரிய சலுகை, பலருக்குத் தெரிவதில்லை.

செலவு உண்டு. இரண்டு கட்டத் தேர்வுக் கட்டணம் மட்டும் ஐயாயிரம் பவுண்டை நெருங்கும். பயிற்சி வகுப்பு, விமானம் எல்லாம் தனி. ஒரே மூச்சில் கட்டாமல், முதல் கட்டம் பாஸான பிறகு இரண்டாவதற்குச் சேர்ப்பது நல்லது. தோட்டத்தை அடமானம் வைத்து எழுத வேண்டிய தேர்வு இல்லை இது. சம்பளத்தில் மிச்சம் பிடித்து எழுத வேண்டியது.

அடுத்தது எல்லோரும் அவசரப்படும் இடம். சொலிசிட்டர் பட்டம் கிடைத்த மறுநாளே தீவுக்கு விண்ணப்பித்தால் பெரும்பாலும் பதிலே வராது. அனுபவம் கேட்பார்கள். அதை லண்டனில்தான் பெற வேண்டும் என்பதில்லை. இந்தத் தீவு நிறுவனங்களுக்கு ஹாங்காங், சிங்கப்பூர், துபாயிலும் கிளைகள் உண்டு. அங்கே இருந்தபடி கேமன் சட்டமும் வர்ஜின் தீவுச் சட்டமும் பார்க்கிறார்கள். துபாய் என்றால் கோவையிலிருந்து ஒரு ராத்திரிப் பயணம், அம்மா அப்பாவை அடிக்கடி வந்து பார்க்கலாம். சிலருக்குத் தீவைவிட இந்தக் கிளைதான் வாழ்க்கைக்குப் பொருந்துகிறது.

வக்கீல் பதவிதான் வேண்டும் என்றில்லாதவர்களுக்கு, கம்பெனிச் செயலர் வேலை, நிதி நிர்வாகம், பணமோசடித் தடுப்புக் கண்காணிப்பு என்று இடங்கள் உண்டு. சம்பளம் குறைவு, ஆனால் கதவு கொஞ்சம் அகலம்.

இன்னொன்று. நம் பார் கவுன்சில் விதிப்படி, வக்கீலாகத் தொழில் செய்துகொண்டே முழுநேரச் சம்பள வேலையில் இருக்க முடியாது. அப்படி வேலைக்குச் சேரும்போது பார் கவுன்சிலுக்குத் தெரிவித்து, தொழில் செய்யும் உரிமையை நிறுத்தி வைக்க வேண்டும். திரும்பி வந்ததும் மீண்டும் தொடரலாம். நன்னடத்தைச் சான்றையும் கிளம்பும் முன்பே பார் கவுன்சிலில் வாங்கிவிடுங்கள். அங்கே போய்ச் சேர்ந்த பிறகு சென்னைக்கு ஆள் அனுப்பி வாங்குவது பெரிய அலைச்சல்.

எந்த டாலர்?

வேலை கிடைத்து ஒப்பந்தம் வந்ததும் எல்லோரும் பார்ப்பது சம்பள எண்ணை. எண்ணுக்கு முன்னால் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். கேமனுக்குத் தனி டாலர் உண்டு. 1970-களிலிருந்து ஒரு கேமன் டாலருக்கு 1.20 அமெரிக்க டாலர் என்று நிலையாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். மாதம் 5,000 கேமன் டாலர் என்றால் 6,000 அமெரிக்க டாலர். வெறும் 'டாலர்' என்று எழுதியிருந்தால் எந்த டாலர் என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். என்னுடன் சேர்ந்த ஒருவர் இதைக் கேட்காமல் வந்து, முதல் மாதச் சம்பளச் சீட்டைப் பார்த்துத் துவண்டு போனார். வர்ஜின் தீவுகளில் இந்தக் குழப்பம் இல்லை, அங்கே புழங்குவதே அமெரிக்க டாலர்.

வருமான வரி இல்லை என்பது உண்மை. ஆனால் அரசாங்கம் நடக்கக் காசு வேண்டுமே. அதை இறக்குமதித் தீர்வையில் எடுக்கிறார்கள், பல பொருளுக்கு 22 சதவீதம். தீவில் ஏறக்குறைய எல்லாமே கப்பலில் வருவதுதான். அவற்றில் பலவற்றின் விலையில் அந்தத் தீர்வை ஏறியிருக்கும். வாடகை கனமாக இருக்கும். மருத்துவக் காப்பீடு கட்டாயம். ஆக, கையில் நிற்பது எவ்வளவு என்று வாடகையும் சாப்பாடும் கழித்துப் பார்த்துவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.

இந்திய வரிக்கு இரண்டு விஷயம். வேலைக்காக வெளிநாடு போகும் வருடத்தில், ஏப்ரல் முதல் மார்ச் வரையான கணக்கில் 182 நாளுக்குக் குறைவாக இந்தியாவில் இருந்தால் அந்த வருடமே நீங்கள் வெளிநாடு வாழ் இந்தியர். அதாவது செப்டம்பர் மூன்றாம் வாரத்துக்குள் கிளம்புவதும் நவம்பரில் கிளம்புவதும் ஒன்றல்ல. அடுத்தது 2020-இல் வந்த விதி: இந்தியாவில் 15 லட்சத்துக்கு மேல் வருமானம் இருந்து, வேறு எந்த நாட்டிலும் வரி கட்டும் கடமை இல்லாத இந்தியக் குடிமகனை இங்கேயே வசிப்பவராகக் கருதிவிடுவார்கள். வருமான வரி இல்லாத தீவு என்பதால் இது சரியாக நம்மைக் குறிவைக்கும் விதி. சம்பளத்தை நம்பிப் போகிற பெரும்பாலானோருக்கு இதனால் பாதிப்பு இல்லை. ஊரில் பெரிய தோட்டமோ வாடகைக் கட்டடமோ வைத்திருப்பவர்கள் ஆடிட்டரைப் பார்க்காமல் விமானம் ஏற வேண்டாம்.

பாட்டியின் கேள்வி

கேமன் போகிறேன் என்று சொன்னபோது என் பாட்டி கேட்டது ஒன்றுதான்: "எதுக்குப்பா மறுபடியும் தீவு?"

அவருக்குத் தீவு என்றால் இலங்கை. 1964 சிரிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவானது. அப்படிக் கப்பலேறி வந்து, அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமான டேன்டீயின் லயத்து வீட்டில் குடியேறிய குடும்பம் எங்களுடையது. பிறந்து வளர்ந்து, தேயிலை பறித்துக் கை காய்த்துப்போன மண்ணில் இருக்க உரிமை இல்லை என்று ஒரு காகிதம் வந்தது. அந்தக் காகிதத்தைப் பாட்டி கடைசி வரை டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார்.

அந்தக் கப்பல் பயணமும் என் பயணமும் ஒன்றல்ல. நான் படித்து, விரும்பி, ஒப்பந்தம் போட்டுக்கொண்டு போனவன். ஆனால் அவர் கேள்வியால்தான் பர்மிட் சட்டத்தை வரி விடாமல் படித்தேன், எல்லோரும் அப்படிப் படிக்க வேண்டும் என்றே சொல்வேன். வேலைப் பர்மிட்டுக்கு விண்ணப்பிப்பது உங்களை எடுக்கும் நிறுவனம், நீங்கள் அல்ல. அந்த வேலைக்கு உள்ளூர்க்காரர் யாராவது கிடைக்கிறார்களா என்று முதலில் விளம்பரம் செய்து பார்க்க வேண்டும். பர்மிட் அந்த நிறுவனத்தோடு கட்டப்பட்டது, வேலை போனால் பர்மிட்டும் போகும். எத்தனை முறை புதுப்பித்தாலும் மொத்த வருடங்களுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு, நான் இருந்தபோது அது ஒன்பது வருடம். எட்டு வருடம் முடிந்தவர் நிரந்தரமாகத் தங்க விண்ணப்பிக்கலாம் என்று அப்போது இருந்தது. அதற்குப் புள்ளிக் கணக்கு உண்டு, கிடைக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. அங்கே பிறந்த குழந்தைக்குப் பிறந்ததாலேயே குடியுரிமை வந்துவிடாது. தீவுக்காரர்களைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. 71 ஆயிரம் பேர் உள்ள இடத்தில் பாதிக்கு மேல் வெளியாட்கள் என்றால், தங்கள் ஊர் தங்கள் கையில் இருக்க வேண்டும் என்று நினைக்கத்தான் செய்வார்கள். நம் மலையில் நிலம் வெளியார் கைக்குப் போவதைப் பற்றி நாம் பேசாததா?

ஆகவே போகும்போதே, எத்தனை வருடம், திரும்பி வந்தால் என்ன செய்வேன் என்று ஒரு கணக்கு இருக்கட்டும்.

வாழ்க்கையைப் பற்றிக் கொஞ்சம். 2,240 மீட்டர் உயர உதகையில் வளர்ந்தவருக்குக் கடல் மட்டத்தோடு ஒட்டிக் கிடக்கும் தட்டைத் தீவு முதலில் மூச்சு முட்டும். வருடம் முழுக்க வெயில், ஸ்வெட்டர் பெட்டியிலேயே கிடக்கும். ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம். 2004-இல் ஐவன் புயல் கேமனைப் புரட்டிப்போட்டது, 2017-இல் இர்மா வர்ஜின் தீவுகளை. 2009 நவம்பர் மண்சரிவைப் பார்த்த நமக்கு மழைக்குப் பயம் புதிதில்லை, ஆனால் ஓடி ஏற ஒரு மேடு இல்லாத இடத்தில் காற்றைக் கேட்பது வேறு மாதிரி. நிறுவனம் புயல் நேரத்தில் ஊழியர்களை எங்கே தங்க வைக்கும் என்று நேர்காணலிலேயே கேளுங்கள். யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

தூரம் அதிகம். இந்தியாவிலிருந்து நேர் விமானம் இல்லை. அமெரிக்கா வழியாகப் போனால் விமானம் மாறுவதற்கே அமெரிக்க விசா வேண்டும். இங்கே நேரம் பத்தரை மணி முன்னால். பாட்டி இறந்த செய்தி இங்கே விடிகாலை, எனக்கு முந்தைய நாள் சாயங்காலம். நான் வந்து சேர்ந்தபோது மூன்றாம் நாள் காரியம் முடிந்திருந்தது.

அந்த மூன்று லட்சம்

முறையான நிறுவனம் எதுவும் வேலை தருவதற்காக வக்கீலிடம் பணம் வாங்காது. ஆள் தேடித் தரும் ஏஜென்சி இருந்தால் அதற்கான கட்டணத்தைக் கொடுப்பது நிறுவனம்தான். வேலை தருவதாகச் சொல்பவர் இன்னாரென்று தெரிய நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் அந்த இடம் அறிவிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இந்தியாவில் வெளிநாட்டு வேலைக்கு ஆளெடுப்பவருக்கு 1983 குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு வேண்டும். வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் அந்தப் பதிவு எண்ணைச் சரிபார்க்கலாம். ஜூனியர் அந்த நம்பருக்குப் பதிவு எண் கேட்டு ஒரே ஒரு செய்தி அனுப்பினார். நீல டிக் வந்தது, பதில் வரவில்லை. மறுநாள் அந்தத் தென்னை மரப் படமும் காணவில்லை.

அவர் இப்போது மும்பையில் ஒரு நிறுவனத்தில் முதலீட்டு நிதி ஆவணங்கள் பார்க்கிறார். வருகிற ஜனவரியில் எஸ்.க்யூ.இ. முதல் கட்டம் எழுதுகிறார். ஞாயிறு தோறும் காலையில் போன் செய்வார், அறக்கட்டளைப் பாடத்தில் பத்துக் கேள்வி எடுத்து இருவரும் போட்டுப் பார்ப்போம். போன வாரம் பத்தில் ஏழு சரி. தவறிய மூன்றும் ஒரே இடம், அறங்காவலர் தன் பணத்தையும் அறக்கட்டளைப் பணத்தையும் ஒரே கணக்கில் கலந்துவிட்டால் எது யாருடையது என்ற கணக்கு. வருகிற ஞாயிறு அதைத்தான் எடுக்கிறோம்.